நாபாவின் எச்சில் வாளி

கிளம்பும்போதே எனக்கு மனசு சரியில்லை. சான்டா கிளாராவில் எங்கள் அபார்ட்மென்ட்டை விட்டு வண்டி ஃப்ரீவேயில் ஏறியதும், ரைஸ் குக்கர் வயரைப் பிடுங்கினேனா என்று கேட்டேன்.

"பிடுங்கிட்ட. நான் பார்த்தேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

பார்த்திருக்க மாட்டார். என் வாயை அடைக்கச் சொன்னது. கொஞ்ச தூரத்துக்கு எனக்கும் அது போதுமாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. கம்பெனி எங்களுக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருந்த நேரம். குளிர் விட்டதும், 'நாபாவில் கடுகு பூத்திருக்கு, குடும்பத்தோட வாங்க, ஒரு சனிக்கிழமை சும்மா உட்கார்ந்துட்டு வரலாம்' என்று மேனேஜர் கூப்பிட்டிருந்தார். அவர் கூப்பிட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் நாபா என்றால் ஒயின் என்பது எனக்கும் தெரியும்.

என் அப்பா குடிகாரர். ஒன்பதாவது பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டது அதனால்தான். கம்பம் பக்கம் எங்கள் ஊர். அம்மா திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள், நான் தம்பியைப் பார்த்துக்கொண்டேன். பொழுது சாய்ந்தால் அப்பா எங்கே விழுந்து கிடக்கிறார் என்று தேடிப் போய்க் கைத்தாங்கலாகக் கூட்டி வருவதும் என் வேலை. எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை அத்தை மகன்தான், எஞ்சினியர். அம்மா வேறு எதையும் கேட்கவில்லை. "உங்க மகன் குடிப்பானா, மதினி?" என்று மட்டும் கேட்டாள். தன் தம்பியின் லட்சணம் தெரிந்த அத்தை, மாதா படத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணினார். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் நான் கடல் தாண்டி வந்தேன்.

அந்த இடம் அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கம் திராட்சை பந்தலில் தலைக்கு மேலே கிடக்கும். இங்கே இடுப்பு உயரத்துக்கு மொட்டைக் குச்சிகளாக வரிசை வரிசையாய் நின்றது. வரிசைகளுக்கு நடுவே கண்ணுக்கு எட்டின வரை மஞ்சள். கிட்டே போய்ப் பார்த்தால் நம் அஞ்சறைப் பெட்டிக் கடுகேதான். நாலு வயசு மகள், "அம்மா, யெல்லோ! ஸோ மச் யெல்லோ!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பாம்பு இருக்குமோ, தேனீ கொட்டுமோ என்று நான் பின்னால் ஓடினேன். மேனேஜரின் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஓக் மரத்தடியில் ஒரு நீள மேஜை. தோட்டத்துப் பெண் ஒருத்தி நின்று கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஒயின் ஊற்றிக் கொடுத்தாள். எனக்கும் மகளுக்கும் ஜூஸ். என் வீட்டுக்காரர் கிளாஸைக் கையில் வாங்கியபோது நான் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"என்ன மச்சான் இது?"

"ஒரு வாய். மேனேஜர் முன்னாடி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத."

"தவக்காலம் வேற."

"அமெரிக்காவுல தவக்காலம் வெள்ளிக்கிழமை மட்டும்தான். சும்மா இரு புள்ள. பூசையில சாமியார் ஒயின் குடிக்கலையா?"

"சாமியார் ஒரு வாய் குடிச்சுட்டு சைக்கிள்ல போறாரு. நீங்க ஃப்ரீவேல போகணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜரிடம் அதை இங்கிலீஷில் சொன்னார். அவரும் சிரித்தார். நான் சொன்னதையே வைத்து எல்லோரும் சிரித்து முடித்ததும் அடுத்த கிளாஸ் வந்தது. அப்புறம் அடுத்தது. வெள்ளை, ரோஸ், சிவப்பு. ஒவ்வொன்றையும் என் வீட்டுக்காரர் அடி வரைக்கும் குடித்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்துக் காட்டாத குறையாக வைத்தார்.

மேஜை மேலே தகர வாளி ஒன்று இருந்தது. பூ வைக்க என்று நினைத்திருந்தேன். மேனேஜரின் மனைவி ஒரு வாய் உறிஞ்சி, வாய்க்குள்ளேயே சுழற்றி, அந்த வாளியில் துப்பினார். கிளாஸில் மிச்சம் இருந்ததையும் அதிலேயே ஊற்றினார். பிறகு மேனேஜரும் அதையே செய்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் யாருமே குடிக்கவில்லை! ருசி பார்த்துத் துப்புகிறார்கள். அங்கே குடித்துக்கொண்டிருந்தது எங்கள் ஆள் ஒருத்தர்தான்.

"மச்சான், அந்த வாளியைப் பாருங்க. அவங்க அதுல ஊத்துறாங்க. நீங்களும் ஊத்துங்க."

"அது எச்சி வாளி. மனுஷன் மரியாதையா ஊத்திக் குடுத்ததை அதுலயா கொட்டுறது? எங்கம்மா எனக்கு அப்படியா சொல்லி வளர்த்திருக்கு?"

அத்தை அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருந்தார். இலையில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் மண்டையில் கொட்டு விழும் வீடு அது. விருந்துக்குப் போன இடத்தில் மிச்சம் வைத்தால் அவர்களை அவமானப்படுத்தினதாகக் கணக்கு. அந்த மரியாதையைத்தான் அவர் மேனேஜருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பாவம், மேனேஜர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

என் வீட்டுக்காரரின் காதுமடல் சிவந்தது. பேச்சும் சிரிப்பும் பெரிசாயின. எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சையைப் பற்றி ஊற்றிக் கொடுக்கிற பெண்ணுக்குப் பாடம் எடுத்தார். அந்தச் சிரிப்பை நான் வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறேன். எனக்கு லைசன்ஸ் கிடையாது. திரும்பிப் போக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, நடுவில் தண்ணீருக்கு மேலே அவ்வளவு பெரிய பாலம், பின் சீட்டில் பிள்ளை. போலீஸ் நிறுத்தினால் கிரீன் கார்டு என்ன ஆகும்? நிறுத்தாமல் விட்டால் நாங்கள் என்ன ஆவோம்?

சாப்பாட்டுக் கூடையை எடுக்க டிக்கியைத் திறந்ததில் சாவி என்னிடம் இருந்தது. புளிச்சோறு தீர்ந்து, தயிர் டப்பா காலியாகக் கிடந்தது. சாவியை அதற்குள் போட்டு மூடினேன்.

மேனேஜர் எழுந்து கை குலுக்கி, ஞாபகத்துக்கு என்று ஒரு பாட்டிலும் கொடுத்தார். என் வீட்டுக்காரரும் புறப்படத் தயாராகிச் சட்டைப்பையைத் தடவினார். அவரை விட்டுக் கொடுக்கவும் கூடாது, வண்டியில் ஏறவும் விடக் கூடாது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மை டாட்டர் லைக் ஃப்ளவர். வீ சிட். யூ கோ" என்றேன். அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"சாவியைக் குடு."

"காணோம் மச்சான்."

"வெளையாடாத கழுத. நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்."

"கொஞ்சம் படுங்க. தேடித் தர்றேன்."

திட்டினார். கூடை, என் கைப்பை, பிள்ளையின் ஜாக்கெட் என்று எல்லாவற்றையும் கிளறினார். டப்பாவைத் தூக்கினபோது உள்ளே கிணுங் என்றது. "ஸ்பூன்" என்றேன். அதைக் கீழே வைத்துவிட்டு, விரிப்பில் அப்படியே சாய்ந்தவர் தூங்கிப் போனார். நான் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மகள் அப்பாவின் நெஞ்சில் கடுகுப் பூக்களை வரிசையாக வைத்து விளையாடினாள். செத்தவர்களுக்கு வைக்கிற மாதிரி இருந்தது. "எடு பாப்பா, எடு" என்று கத்திவிட்டேன். பிள்ளை மிரண்டு அழுதது.

வெயில் சாய்ந்தபோது ஊற்றிக் கொடுத்த பெண் வந்து, கேட் சாத்தப் போகிறோம் என்றாள். அவரை எழுப்பி, தண்ணீர் கொடுத்து, பார்க்கிங்கில் தரையில் வரைந்திருந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினேன். டிவியில் போலீஸ் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

"இது மேல நடந்து காட்டுங்க. சாவி தர்றேன்."

என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அடித்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் கோட்டின் மேல் கால் வைத்து நடந்தார். மகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து, "அப்பா, ஐ வின்!" என்றாள். அவர் நேராகத்தான் நடந்தார். டப்பாவைத் திறந்து, தயிர் ஒட்டின சாவியை முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன். வீடு வந்து சேரும் வரை ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாததால் அதைப் பற்றி நாங்கள் பேசவும் இல்லை. மேனேஜர் கொடுத்த பாட்டில் ஃப்ரிட்ஜ் மேலே இருந்தது. பிறகு அதன் இடத்தில் வேறொரு பாட்டில் இருந்தது. நான் டிரைவிங் கற்றுக்கொண்டேன். டெஸ்ட்டில் தவறி, அழுது, மறுபடி போய் லைசன்ஸ் வாங்கினேன்.

மறு வருஷமும் கடுகு பூத்தது. மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். "இந்த வாட்டி நீயே டிரைவ் பண்ணு. உனக்கும் கவலை இல்ல, எனக்கும் கவலை இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரைஸ் குக்கரைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லாமல் அந்தப் பாலத்தைத் தாண்டினேன்.

அதே மரத்தடி, அதே பெண். எங்களை ஞாபகம் இருந்ததோ என்னவோ, கிளாஸை வைப்பதற்கு முன்னாலேயே வாளியை நகர்த்தி அவர் கைக்கு எட்டும்படி வைத்தாள். அது எதற்கு என்று இப்போது அவருக்கும் தெரியும். அதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புறங்கையால் மெல்லத் தள்ளி ஓரமாக வைத்துவிட்டு, கிளாஸை நீட்டினார்.