யாரும் எடுக்காத தண்ணீர்

அடுத்தவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அதில் எது சரி, எது போதாது என்று எழுதுவது எப்படி என ஆராய்ச்சியாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எங்கள் வீட்டில் யாருக்கும் இது ஒரு வேலையாகவே படவில்லை. விருதுநகரில் யாராவது கேட்டால் அப்பா, "ஐதராபாத்துல டீச்சரா இருக்கான்" என்று சொல்லி முடித்துவிடுவார்.

வழக்கமாக ஒரு கட்டுரை பத்திரிகைக்குப் போனால், பெயர் தெரியாத இரண்டு மூன்று பேர் அதைப் படித்து, போடலாம் போடக்கூடாது என்று சொல்வார்கள். அவர்கள் எழுதியது வெளியில் யாருக்கும் தெரியாது. அதைத் திறந்துவைக்கலாம் என்பதுதான் நான் நடத்தும் பயிற்சிப் பட்டறை. இப்போதெல்லாம் பத்திரிகைக்குப் போகும் முன்பே கட்டுரையை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். பிரீபிரிண்ட் என்று பெயர். அதன் கீழே யார் வேண்டுமானாலும், விரும்பினால் தன் பெயரையும் போட்டு, மதிப்புரை எழுதலாம். எழுதியது அங்கேயே நிற்கும். யாராலும் அழிக்க முடியாது. இந்தக் கடைசி வரியை நான் பட்டறைகளில் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்வேன்.

பாடங்களை வெளிநாட்டில் ஒரு குழு தயாரித்திருந்தது. யாரும் எடுத்து அந்தந்த ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். பயிற்சிக்காக அவர்கள் கொடுத்திருந்த கட்டுரை கடல் பறவைகளின் முட்டையைப் பற்றியது. ஐதராபாத்தில் அதைக் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே கொட்டாவி விட்டார்கள். ஆகவே நான் அதைத் தூக்கிவிட்டு, நம் ஊர் விஷயமாக ஒன்றைத் தேடினேன். ஐதராபாத் ஓரத்தில் தொழிற்சாலைகள் நிறைந்த பட்டான்செரு பக்கத்துக் கிராமங்களின் போர்வெல் தண்ணீரில் என்னென்ன உலோகங்கள் கலந்திருக்கின்றன என்று ஒரு பிரீபிரிண்ட் கிடைத்தது. எளிய ஆங்கிலம், நல்ல படங்கள், வருஷம் முழுவதற்குமான அட்டவணை. பாடத்தை ஊருக்குத் தகுந்தாற்போல் மாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

நகரத்தின் விளிம்பில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. சுற்றுச்சூழல் துறையில் இருபது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் சான்றிதழுக்காக அனுப்பப்பட்டவர்கள். மூன்றாவது வரிசையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி இருந்தார். அந்தத் துறையின் ஆய்வகப் பொறுப்பாளர். பகுதி நேரமாக பிஎச்.டி.யும் செய்துகொண்டிருந்தார். மற்றவர்கள் முதல் பக்கத்தில் இருக்கும்போதே அவர் நான்காவது அட்டவணைக்குப் போய்விட்டார். பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் புள்ளி வைத்தார், மறுபடி முதலிலிருந்து பார்த்தார். குழுவாகப் பிரித்ததில் அவரோடு இருந்த இரண்டு உதவிப் பேராசிரியர்கள் அவரைக் கவனிக்கவில்லை.

டீ இடைவேளையில் என்னிடம் வந்தார்.

"சார், நீங்க தமிழா?"

"ஆமா மேடம். விருதுநகர்."

"நாங்க இங்கயே பொறந்து வளர்ந்தது. தாத்தா காலத்துல ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவங்க." பிறகு கையிலிருந்த தாளை நீட்டினார். "இந்த டேபிள் என்னோடது சார்."

எனக்குப் புரியவில்லை. அவர் அட்டவணையில் விரலை வைத்துச் சொன்னார். இந்தக் கல்லூரிக்கு வருவதற்கு முன் வேறொரு நிறுவனத்தில் திட்ட உதவியாளராக இருந்தாராம். முப்பத்திரண்டு போர்வெல். மாதம் இரண்டு தடவை பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆட்களோடு ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தவர் அவர். கட்டுரையில் நான்கு பெயர்கள் இருந்தன. அவர் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்திலும் இல்லை.

"பேரு இல்லாதது கூட பரவால்ல சார், அது பழகிப்போச்சு. இங்க பாருங்க. ஆகஸ்ட், செப்டம்பர்."

பார்த்தேன். முப்பத்திரண்டு கிணறுகளுக்கும் எண்கள் இருந்தன.

"அந்த வருஷம் ஜூலைக் கடைசியில ஆட்டோ கவுந்து என் கால் முறிஞ்சது. ரெண்டு மாசம் கட்டோட வீட்டுல கெடந்தேன். யாரும் போகல. ஆளே இல்ல. இந்தத் தண்ணிய எடுத்தது யாரு?"

"வேற யாராவது போயிருக்கலாம் இல்லையா?"

"நக்கோ சார், இல்ல. நான் திரும்பி வந்தப்போ ரெஜிஸ்டர்ல அந்த ரெண்டு பக்கமும் வெள்ளையா இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். கைக்கு, எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, உற்சாகம். இத்தனை பட்டறைகளில் 'எழுத்துரு சிறியதாக உள்ளது', 'முன்னுரை நீளம்' என்று எழுதித் தருகிறவர்களையே பார்த்து அலுத்திருந்தேன். முதன்முறையாக ஒருவர் நிஜமான கேள்வியோடு வந்திருக்கிறார்.

"எழுதலாமா சார்?"

"தாராளமா எழுதலாம். குற்றமாச் சொல்லாதீங்க, கேள்வியாக் கேளுங்க. நீங்க அந்த வேலையில இருந்தீங்கங்கறதையும் மறைக்காம சொல்லிடணும்."

மதியத்துக்குள் எழுதிவிட்டார். நான்கே கேள்விகள். பாட்டில்களை எப்படிக் கழுவினார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எந்தக் கருவியில் சோதித்தார்கள் என்று மூன்று. நான்காவது, ஆகஸ்ட், செப்டம்பர் மாதிரிகளை யார், எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்று தெரிவிக்கக் கோரியது. 'அந்த ஆண்டு இத்திட்டத்தில் பணியாற்றிய நான், அம்மாதங்களில் மாதிரி எடுக்கப்பட்டதாக அறியவில்லை' என்று ஒரு வரி. அன்றைக்கு அந்த அறையில் எழுதப்பட்டவற்றில் அதுதான் மிக நாகரிகமானது, மிகத் தெளிவானது.

கல்லூரி இணையம் வேலை செய்யவில்லை. என் மடிக்கணினியில் தட்டெழுதினார். பொத்தானை அழுத்தும் முன் நிறுத்தினார்.

"பேர் போடணுமா சார்?"

"கட்டாயம் இல்ல மேடம். ஆனா போட்டாத்தான் இதுக்கு மதிப்பு. தண்ணி எடுத்தவங்களே கேக்கறாங்கன்னு தெரியணும்ல?"

ஒரு நொடி என்னைப் பார்த்தார். அழுத்திவிட்டார். நான் எழுந்து, "முதல் மதிப்புரை வெளியாகிவிட்டது" என்று எல்லோருக்கும் அறிவித்தேன். கை தட்டினார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து அழைப்பு வந்தது. மாரெட்பள்ளியில் கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அதை எடுத்துடுங்க."

சார் தம்பியாகியிருந்தது. குரல் தணிந்திருந்தது. அவருடைய பிஎச்.டி. வழிகாட்டி, அந்தக் கட்டுரையின் முதன்மை ஆசிரியரிடம் படித்தவராம். குரு கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார். அந்த மாதம் தருவதாக இருந்த கையெழுத்தை வழிகாட்டி தள்ளிப்போட்டுவிட்டார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அந்தக் கையெழுத்து வேண்டும்.

"இதெல்லாம் நீங்க அன்னைக்கே சொல்லலையேக்கா."

"நீங்க கேக்கலையே தம்பி."

கேட்கவில்லைதான். மதிப்புரை எழுதுகிறவருக்குக் கட்டுரை ஆசிரியரோடு உறவு உண்டா என்று கேட்க என்னிடம் ஒரு ஸ்லைடு இருந்தது. எழுதுகிறவருக்கு அதனால் என்ன நேரும் என்று கேட்க ஒன்றும் இல்லை.

"அக்கா, அதை அழிக்க முடியாதுக்கா."

"ஹவ், ஆமா, அதான் சொன்னீங்க அன்னைக்கு." பிறகு, "ட்ரை பண்ணிப் பாருங்க."

அந்த இணையதளத்துக்கு எழுதினேன். இரண்டு நாளில் அன்பான பதில் வந்தது. மதிப்புரையை எழுதியவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் குறிப்புப் போடலாம். ஆனால் எழுதியது தெரிந்துகொண்டேதான் இருக்கும். நேர்மைக்காக அப்படி ஒரு விதி. அதை அக்காவிடம் சொன்னபோது, "கேட்டதும் நிக்கும், பயந்து பின்வாங்கினதும் நிக்கும். வேணாம், விடுங்க" என்றார்.

பாடங்களைத் தயாரித்த குழுவின் மாதாந்திரக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். திரையில் தெரிந்த முகங்கள் எல்லாம் வருந்தின. ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அதிகார ஏற்றத்தாழ்வு பற்றி ஒரு பகுதியைச் சேர்க்கலாம் என்று முடிவானது. அதை நானே எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

வழிகாட்டியைப் பார்க்கவும் போனேன். அக்கா தடுத்தார், கேட்கவில்லை. அவர் என்னை ஒரு மணி நேரம் காக்கவைத்துவிட்டு, வந்ததும் டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வரவழைத்தார். தெலுங்குக்காரர், ஆங்கிலத்தில் மிருதுவாகப் பேசினார். ஆய்வேட்டில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். எவ்வளவு வேலை என்று கேட்டேன். அதை அந்த அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றார். வாசல் வரை வந்து தோளில் கை வைத்து, "உங்கள் பட்டறை அருமை. நீங்கள் வருவீர்கள், போவீர்கள். நாங்கள் இங்கேயே இருக்கிறவர்கள்" என்றார். அதில் மிரட்டல் எதுவும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

குஷாய்குடாவில் அக்கா வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கணவர் அங்கே எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்த மனிதர் என்னிடம் கிரிக்கெட் பற்றியே பேசினார். கல்லூரியில் படிக்கும் மகள் தமிழில் கேட்டதற்கெல்லாம் தெலுங்கில் பதில் சொன்னாள். அக்கா உள்ளே போய் ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தார். கால் எலும்பின் எக்ஸ்ரே. ஓரத்தில் ஆகஸ்ட் தேதி.

"ரெஜிஸ்டர் அந்தப் பழைய ஆபீஸ்லயே மாட்டிக்கிச்சு. என்கிட்ட இருக்கற ப்ரூஃப் இதுதான். ரெஃபரன்ஸ்ல போடலாமா தம்பி?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கணவரும் சிரித்தார். மகள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். எனக்கு அவ்வளவு தெலுங்கு வராது. அக்கா மொழிபெயர்க்கவில்லை.

"என்னக்கா கேக்குறா?"

"ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க."

நான் விடவில்லை. கடைசியில் கணவர் சொன்னார்: "இவர் பேரு அதுல எங்கயாச்சும் இருக்கான்னு கேக்குறா."

என் பெயர் எங்கும் இல்லை. பயிற்சி கொடுத்தவன் கையெழுத்துப் போடும் வழக்கமில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கட்டுரைக்குப் புதிய வடிவம் வந்தது. ஆகஸ்ட், செப்டம்பர் வரிகள் மட்டும் காணாமல் போயிருந்தன. அக்காவின் கேள்விக்குப் பதில் இல்லை, அந்த வரிகளை ஏன் நீக்கினார்கள் என்ற விளக்கமும் இல்லை. மழைக்காலத்தில் உலோக அளவு குறைந்துவிடுகிறது என்ற முடிவு மட்டும் அப்படியே இருந்தது. எந்த இரண்டு மாதங்களை வைத்து அப்படிச் சொன்னார்களோ, அவை போன பிறகும். பிறகு அது ஒரு பத்திரிகையிலும் வெளிவந்தது. அந்தப் பத்திரிகைக்கு நான் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது.

அக்கா பிஎச்.டி.யை விட்டுவிட்டார். சண்டை போட்டு அல்ல. அடுத்த ஆண்டுக்கான பதிவைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். ஆய்வகப் பொறுப்பு அதே கல்லூரியில், அதே வழிகாட்டியின் துறையில் தொடர்கிறது. காலையில் அவருக்கு வணக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார்.

போன வருஷம் ஒரு நாள், "பட்டான்செரு பக்கம் வர்றீங்களா தம்பி, ஒரு வீட்டுக்குப் போகணும்" என்று கூப்பிட்டார். அவர் தண்ணீர் எடுத்த முப்பத்திரண்டு கிணறுகளில் ஒன்று அந்த வீட்டுப் பின்பக்கம் இருந்தது. அந்த வீட்டம்மா எப்படியோ எண்ணைத் தேடிப்பிடித்துப் போன் செய்திருக்கிறார்.

மெயின் ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். அக்கா காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார். அதை அன்றுதான் கவனித்தேன். வீட்டம்மா அவரைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டில் பாட்டிலாகக் கொண்டுபோனீர்களே, அப்புறம் ஒருத்தரும் வந்து ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டார். மகனுக்குக் கல்யாணமாகி, மருமகள் பிரசவத்துக்குப் பிறகு பிள்ளையோடு இந்த வீட்டுக்கு வரப்போகிறாள். பிள்ளைக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்கலாமா? அதைக் கேட்கத்தான் கூப்பிட்டாராம்.

அக்கா என்னைப் பார்த்தார். என் போனில் அந்தக் கட்டுரை இருந்தது. மழைக்காலத்தில் பயமில்லை என்று அச்சில் இருந்தது. இருவருமே அதை நம்பவில்லை. கெட்டது என்று சொல்லவும் எங்களிடம் எதுவும் இல்லை. மற்ற மாத எண்கள் பழசு. கல்லூரி ஆய்வகத்தில் உலோகத்தைச் சோதிக்கும் கருவியும் கிடையாது.

அக்கா வெகுநேரம் தெலுங்கில் பேசினார். வீட்டம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார், ஆனால் முகம் தெளியவில்லை. திரும்பி வரும்போது, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கேன் தண்ணியே வாங்கிக் குடுங்கன்னு சொன்னேன். எத்தனை நாளைக்குன்னு கேட்டாங்க." ஆட்டோ வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். "தெரியலம்மான்னு சொல்லிட்டேன்."