மேகலா வெட்டிய வரி

மேகலாவுக்குப் புகழ்ச்சி ஆகாது. புடவை நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூட, "எது நல்லாருக்கு, கலரா, துணியா?" என்று கேட்பாள். இப்படிப்பட்டவளோடு பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ்ஸில் ஆறு வருஷமாக ஒரே சீட்டில் போய் வருகிறேன் என்றால் என் பொறுமையை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

ஷூ கம்பெனியில் நான் தையல் லைன், அவள் செக்கிங். நாங்கள் தைத்து அனுப்பும் அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நூல் விலகியிருந்தாலோ தோலில் கீறல் தெரிந்தாலோ அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். சரிசெய்யக்கூடியது ரீவொர்க் கூடைக்குப் போகும், மற்றது ரிஜெக்ட் கூடைக்கு. பக்கத்து சீட்டுக்காரி தைத்தது என்று ஒன்றைக்கூட அவள் கண்டும் காணாமல் விட்டதில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

பஸ் ஏறியதும் அவளுக்கு இன்னொரு வேலை தொடங்கும். போனில் விக்கிப்பீடியாவைத் திறப்பாள். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், பைசா கிடையாது. மேகலா பிடித்துக்கொண்டது பல்கலைக்கழகங்களைப் பற்றிய கட்டுரைகளை. தம்பி நவீன்குமாரைப் படிக்க வைக்க இடம் தேடிய காலத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறாள். 'உலகத்தரம் வாய்ந்த', 'கனவுகளை நனவாக்கும்', 'இயற்கை எழில் கொஞ்சும் வளாகம்' என்று நாற்பது வரி ஓடுமாம். என்ன படிப்பு இருக்கிறது, எந்த வருஷம் தொடங்கினார்கள் என்று தேடினால் கிடைக்காதாம்.

"கல்யாணப் பத்திரிகை முழுக்கப் படிச்சும் மாப்பிள்ளை பேரு இல்லாத மாதிரி இருந்துச்சுக்கா" என்றாள். அன்றைக்கு வெட்ட ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அந்தந்தப் பல்கலைக்கழகத்து ஆட்கள் திரும்ப ஒட்டுவார்கள், இவள் திரும்ப வெட்டுவாள்.

"உனக்கு இன்னாடி வந்துச்சு? அவங்களுக்கு நீ மாமியாரா?" என்று கேட்டிருக்கிறேன்.

"நம்பிப் படிக்கிறவங்க இருக்காங்கல்லக்கா" என்பாள். சொல்லிக்கொண்டே அடுத்த வரியை வெட்டுவாள்.

எனக்கு அப்போது வேறு கவலை. பி.காம். இரண்டாம் வருஷத்தில் அப்பா இறந்துபோக, படிப்பை விட்டுவிட்டுத் தையல் லைனுக்கு வந்தவள் நான். பதினோரு பேப்பர் பாஸ் செய்திருந்தேன். பதினாறு வருஷம் கழித்து இந்த ஜூனில், லைன் சூப்பர்வைசர் வேலைக்கு டிகிரி வேண்டும் என்று கம்பெனி நோட்டீஸ் போட்டது. மேனேஜர் அப்துல் சமத் பாய் என்னைக் கூப்பிட்டு, "எங்கயாவது சேர்ந்துட்டேன்னு ஒரு பேப்பர் கொண்டா பாரதி, மீதிய நான் பாத்துக்கிறேன்" என்றார். நல்ல மனுஷன். ஆனால் விசாரித்த இடத்தில் எல்லாம் முதல் வருஷத்திலிருந்து வா என்றார்கள். முப்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முதல் வருஷமா? வேலூர்ப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறதே என்று அதன் கட்டுரையையும் பார்த்தேன். மேகலா வெட்டி வைத்த ஆறு வரிதான் இருந்தது. எனக்கு உதவுகிற தகவல் அதில் ஒன்றும் இல்லை. சரி, கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்று மனதை அடக்கிக்கொண்டேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. பஸ் ஆம்பூரை நெருங்கும்போது மேகலாவின் முகம் வெளுத்துப்போனது. போனை என்னிடம் நீட்டினாள். அந்த வேலூர்ப் பல்கலைக்கழகக் கட்டுரைக்கான உரையாடல் பக்கத்தில், அதாவது திருத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் இடத்தில், ஒருவர் அவளுக்கு எழுதியிருந்தார்: 'நான் இங்கே அலுவலகத்தில் வேலை செய்பவன். சம்பந்தப்பட்டவர்கள் திருத்தக் கூடாது என்பது விதி, அதனால் கட்டுரையில் நானே கை வைக்கவில்லை. மே மாதம் நீங்கள் நீக்கிய பத்தியில் வீண் புகழ்ச்சி இருந்தது உண்மை. அதற்குள் ஒரு தகவலும் இருந்தது. வேறு கல்லூரியில் பாதியில் நின்றவர்கள், தேறிய தாள்களை இழக்காமல் இங்கே தொடரலாம். பத்திரிகைச் செய்தியை இணைத்திருக்கிறேன்.'

செய்தியைத் திறந்து பார்த்தேன். இந்த வருஷச் சேர்க்கைக்கு அன்றுதான் கடைசி நாள்.

"நான்தான்க்கா வெட்டினேன்" என்றாள் மேகலா. "'கருணை உள்ளத்தோடு'ன்னு ஆரம்பிச்சுது. ஆதாரமும் இல்ல. இறங்குற அவசரத்துல முழுசாப் படிக்காம மொத்தமாத் தூக்கிட்டேன். ரீவொர்க்குக்குப் போக வேண்டியத ரிஜெக்ட்ல போட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் பஸ் என்றும் பார்க்கவில்லை. "ஊர்ல இருக்கிறவன் வேலைய எல்லாம் செக் பண்றியே, உன் வேலைய யாரு செக் பண்றது? ஒரு மாசமா நான் பேஜாராகிக் கெடந்தேனே, பக்கத்துலயே ஒக்காந்துட்டுதானே இருந்த?" என்று கத்திவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தகவலை ஒரே வரியாக எழுதி, செய்தியை ஆதாரமாகக் காட்டிக் கட்டுரையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அதுவா முக்கியம்?"

"அடுத்த வருஷம் வேற ஒருத்தி தேடுவாக்கா."

அப்துல் சமத் பாய் ரெண்டு பேருக்கும் பெர்மிஷன் கொடுத்தார். திரும்பப் பேரணாம்பட்டுக்கு ஓடி, பீரோவைக் கலைத்து மார்க் ஷீட்டை எடுத்து, குடியாத்தம் வழியாக வேலூர் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து அந்த அலுவலகத்தில் நுழைந்தபோது மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். வழி முழுக்க மேகலாவுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன்.

கவுண்டரில் இருந்த அம்மா என் மார்க் ஷீட்டுகளை நிதானமாகப் புரட்டினார். ஒவ்வொரு பேப்பருக்கும் ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்துப் பார்த்து டிக் போட்டார். ஐந்தாவதில் கொஞ்சம் நின்றார். எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு அதையும் டிக் செய்து, கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினொண்ணும் எடுத்துக்கலாம்மா. மீதி பேப்பர் மட்டும் எழுதுனா போதும். ஞாயித்துக்கிழமைதான் கிளாஸ்."

பதினாறு வருஷமாக அந்தக் காகிதங்களைக் குப்பை என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா இருந்த காலத்தில் ராத்திரி கண் விழித்துப் படித்ததெல்லாம் வீண் போகவில்லை என்று ஒருத்தர் வாயால் கேட்டதும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. பணம் கட்டி ரசீது வாங்கி, பேர் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

மேகலா உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் ரசீது இருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

"பதினொண்ணும்" என்றேன்.

அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஆறு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. காலையில் அவ்வளவு கத்தினேனே, அந்தக் கோபத்தைத் தேடினால்கூடக் கிடைக்கவில்லை. கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய் ரெண்டு டீயும் ரெண்டு சமோசாவும் வாங்கினேன்.

"இப்பவாச்சும் எழுதுடி, ரொம்ப நல்ல காலேஜ்னு."

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

"நீ இப்ப இங்க ஸ்டூடண்ட்டு. உன் சாட்சி செல்லாது" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். பிறகு போனை எடுத்து, அந்த அலுவலகக்காரருக்குப் பதில் எழுதி என்னிடம் காட்டினாள்.

'சுட்டிக்காட்டியதற்கு நன்றி. முழுவதும் படிக்காமல் நீக்கியது என் தவறு. இன்று என் தோழி இங்கே சேர்ந்திருக்கிறாள். எனவே இந்தக் கட்டுரையை இனி நான் திருத்துவது முறையாகாது. வேறு யாராவது பார்த்துக்கொள்ளவும்.'

தோழி என்று இதற்குமுன் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதாதவள் அவள். டீ ஆறிப்போகும்வரை அந்த வரியையே படித்துக்கொண்டிருந்தேன்.