சுற்றுக்கு விட்ட தீர்மானம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், திருச்சியில் முதியோர் வகுப்புகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். வகுப்பு நடக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் சம்பளமில்லாத ஓர் ஆலோசனைக் குழு உண்டு. வகுப்பை எங்கே, எந்த நேரத்தில் வைக்கலாம் என்று உள்ளூர்க்காரர்களே யோசனை சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் குழுக்களின் தலைவர்களுக்குக் கூட்டம் நடத்தக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. மூன்று நாள் முன்னதாக அறிவிப்பு, நிகழ்ச்சி நிரல், இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும் என்கிற கோரம், முன்மொழிதல், வழிமொழிதல், நடவடிக்கைக் குறிப்பு. நான் சொல்லிக்கொடுத்த வேகத்தில், கூட்டத்துக்கு மனிதர்களும் தேவை என்பது சிலருக்கு மறந்தே போயிருக்கும்.

என் குழுக்களில் முதல் மார்க் ஸ்ரீரங்கத்துக்கு. நானும் அந்த ஊர்க்காரன் என்பதால் சொல்லவில்லை. அங்கே தலைவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். "ஸ்வாமி சொன்னா அப்பீல் ஏது" என்பார்கள் மற்றவர்கள். எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறும். நடவடிக்கைக் குறிப்பை அச்சுக்கே கொடுக்கலாம்.

கடைசி மார்க் உறையூருக்கு. நெசவாளர் தெருவில் பெண்களுக்கான வகுப்பு அது. குழுவில் ஏழு பேர், ஏழு பேரும் தறி வீட்டுப் பெண்கள். தலைவிக்கு முப்பது வயதிருக்கும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரைத் தலைவியாக்கியிருந்தோம். முதல் கூட்டத்துக்கு நானே போய் உட்கார்ந்தேன். "வகுப்பு மூன்று மணிக்கு என்று அலுவலகம் நினைக்கிறது. சம்மதமா?" என்று கேட்டேன். ஏழு பேரும் "சரிங்க" என்றார்கள். ஏகமனது. திருப்தியோடு திரும்பி வந்தேன்.

வகுப்புக்கு வந்தது மூன்று பேர். சில நாள் இரண்டு. ஆசிரியை காலைப் பள்ளி முடித்து வந்து, காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மாதம் தொடர்ந்து பத்துப் பேருக்குக் குறைவாக வந்தால் வகுப்பை மூடலாம் என்று விதி. மூடலாம் என்ற பரிந்துரையை எழுதி, மேஜையில் கையெழுத்துக்கு வைத்திருந்தேன். அந்த வாரம் தலைவி ஒரு நோட்டோடு அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"நேரத்த ஒன்றரை மணிக்கு மாத்திக் குடுங்க ஐயா. எல்லாத்தையும் கேட்டு எழுதியாந்திருக்கேன்."

நோட்டைப் புரட்டினேன். வீடு வீடாகப் போய், ஒவ்வொரு உறுப்பினரும் சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கைநாட்டு வாங்கியிருந்தார்.

"இது கூட்டம் இல்லேம்மா. எல்லாரும் ஒரே இடத்தில் உட்காரணும். கோரம் வேணும். இல்லேன்னா தீர்மானம் செல்லாது."

"ஒரே எடத்துல உக்காந்துதானே ஐயா மூணு மணிக்கு சரின்னாங்க? அப்படிச் சொன்னவங்கள்ல ஒருத்தியாச்சும் வகுப்புக்கு வந்தாளா?"

விதிப் புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை.

"வகுப்ப மூடப் போறீங்கன்னு டீச்சரம்மா சொன்னாங்க. இப்ப மூடிட்டீங்கன்னா, அப்புறம் எந்த வீட்லயும் பொம்பளைய அனுப்ப மாட்டாங்க. நான் ஒவ்வொரு மாமியார் கால்லயும் விழாத கொறையா கெஞ்சிச் சேத்த ஆளுங்க. ஒரு தடவ என்கூட வந்து கேட்டுட்டுப் போங்க. அப்புறம் மூடறதா இருந்தா மூடிக்கங்க."

மறுநாள் போனேன். அவர் பேச்சால் மனம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். பரிந்துரையில் 'நேரில் விசாரித்தேன்' என்று ஒரு வரி சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது.

முதல் வீட்டில் மாமியார், மருமகள் இருவருமே குழு உறுப்பினர்கள். இருவரையும் நான்தான் ஒரே பட்டியலில் சேர்த்திருந்தேன். மகன் தறிக்குழியில் இருந்தான். மருமகள் மூலையில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல் சுருள்தான் தார். அது தீர்ந்தால் தறி நின்றுவிடும்.

என்னைக் கண்டதும் அவள் கை நின்றது. தலைவி பக்கத்தில் குந்தினார். "ஐயாகிட்ட சொல்லுடி. அத்தை கொல்லைல இருக்கு."

"மூணு மணிக்கு நான் எந்திரிச்சா தார் யாரு சுத்துவா? அத்தை வகுப்புக்குப் போகணும்னு இருக்காங்க. நானும் போறேன்னு அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? அதான் சும்மா இருந்துட்டேன்."

கொல்லைப்புறம் போனோம். மாமியார் நூல் உலர்த்திக்கொண்டிருந்தார்.

"சின்னப் புள்ள, அது படிக்கட்டும். மூணு மணிக்கு நான் போயிட்டா தார் சுத்தறது அது தலையிலதானே விழும்? அதுக்காகத்தான் நான் போகலிங்க. அதுகிட்டச் சொல்லிடாதீங்க, எளக்காரமாப் போயிடும்."

"நீங்க போகாததால அவ போகலத்தை. அவ போகாததால நீங்க போகல. தார் மட்டும் ஜோராப் படிக்குது" என்றார் தலைவி.

ஆறு வீட்டிலும் இதே கதைதான், ஆட்கள்தான் வேறு. ஒன்றரை மணிக்கு ஆண்கள் சாப்பிட்டுக் கண்ணயர்வார்கள். தறி நிற்கும், தார் வேண்டாம், வீட்டில் எல்லாப் பெண்களும் ஒரு மணி நேரம் வரலாம். இருட்டிய பிறகு வைக்கலாம் என்றால் ரேஷன் மண்ணெண்ணெய் அடுப்படி விளக்குக்கே போதவில்லை. தெரு முழுக்க அறிந்த இந்த விஷயத்தை, கூட்டம் போட்டுக் கேட்ட எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் அவர்களைப் பேச முடியாத இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பேசாததைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.

அன்று மாலையே விதிப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். அதில் ஒரு பிரிவு உண்டு. அவசர விஷயங்களில், கூட்டம் கூட்டாமல் காகிதத்தை உறுப்பினர்களிடையே சுற்றுக்கு விட்டு, தனித்தனியே கருத்துப் பெற்று முடிவெடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் அதைப் பதிவு செய்தால் போதும். வெயில் காலத்தில் கொடைக்கானலுக்குப் போய்விடும் பெரிய மனிதர்களுக்காக எழுதப்பட்ட பிரிவு. உறையூர் தறி வீடுகளுக்குப் பொருந்தாது என்று அதில் எங்கும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பிரிவைக் காட்டி, நேர மாற்றத்துக்குக் கோப்பு தயாரித்தேன்.

மேலதிகாரி கோப்பை மோந்து பார்ப்பதுபோல் பார்த்தார்.

"காகிதம் நெஜமாவே சுற்றுக்குப் போச்சா ஓய்?"

"போச்சு சார். தலைவியே கொண்டு போனா."

"மெம்பர்ஸ் படிச்சுப் பாத்தாளா?"

"படிக்கத் தெரிஞ்சா இந்த வகுப்பே வேண்டாமே சார். வாசிச்சுக் காட்டியிருக்கா."

கையெழுத்துப் போட்டுவிட்டு, "இந்தப் பிரிவை நான் பாத்ததே இல்லை" என்றார். முப்பது வருஷ சர்வீஸ் அவருக்கு.

முடிவைப் பதிவு செய்யக் கூட்டம் கூட்டினோம். "ஒன்றரை மணி சம்மதமா?" என்று கேட்டேன். ஏழு பேரும் "சரிங்க" என்றார்கள். முதல் கூட்டத்தில் கேட்ட அதே குரல், அதே குனிந்த தலைகள். இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்தால் எது உண்மைச் சம்மதம் என்று எந்தத் தணிக்கையாளராலும் சொல்ல முடியாது.

அடுத்த முறை எல்லாக் குழுத் தலைவர்களையும் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது, முதல் ஒரு மணி நேரத்தை உறையூர்த் தலைவியிடம் கொடுத்தேன். அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஸ்ரீரங்கத்துத் தலைமை ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை.

"அப்போ நானும் வீடு வீடாப் போய் வாசல்ல நிக்கணுமோ?"

"நிக்க விடமாட்டாங்க சாமி. உக்காரச் சொல்லுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சற்றுப் பொறுத்து அவரும் சிரித்தார். இரண்டு மாதம் கழித்து, தெற்குச் சித்திரை வீதியில் என்னை மடக்கினார். "போய்க் கேட்டேன் ஓய். இத்தனை நாள் நான் சொன்னதிலே பாதி யாருக்கும் பிடிக்கலையாம்" என்றார். வருத்தமா என்று கேட்டேன். "காபி எல்லா ஆத்திலேயும் நன்னா இருந்தது" என்றார்.

அதன் பிறகு பல வருஷம், பல ஊர்களில், தலைவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். கோரமும் வழிமொழிதலும் சொல்லிக்கொடுக்காமல் விடவில்லை. அவை இல்லாமல் அலுவலகம் நகராது. ஆனால் கூட்டத்துக்கு முன்னால் ஒரு சுற்று நடந்துவிட்டு வரச் சொன்னேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். நல்ல பயிற்சியாளன் என்று எனக்கு ஒரு பெயர் வந்ததென்றால் அது உறையூரில் கிடைத்தது.

அதற்கெல்லாம் முன்பு, உறையூரில் புது நேரத்தில் வகுப்பு தொடங்கிய அன்று தெருமுனையில் நின்றிருந்தேன். ஒன்றரை மணிக்குத் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பதினான்கு பேர் எண்ணினேன். மாமியார் முன்னால் போனார். மருமகள் பத்தடி பின்னால், அவரைத் தெரியாதவள்போல் போனாள். இருவர் கையிலும் சிலேட்டு இருந்தது. தலைவி என்னைப் பார்த்து, "வெயில்ல ஏன் ஐயா நிக்கிறீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

குடித்தேன். அலுவலகத்துக்குத் திரும்பி, வகுப்பை மூடச் சொல்லி எழுதி மேஜையில் கிடந்த அந்தப் பரிந்துரையைக் கிழித்துப் போட்டேன்.