"வெளிச்சம் பட்டா வெடிக்குமா?"

போன ஆடி மாதம், நாரணாபுரத்தில் நான் ஸ்டோர் பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் வாசலில் நடந்தது இது.

பழைய பிலிம் கேமராக்களை வாங்கி, பிரித்து, பழுது பார்ப்பது என் பைத்தியம். சாப்பாட்டுத் தட்டில்கூட ஸ்குரூ கிடக்கிறது என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். பொய்யில்லை, ஒரு தடவை ரசத்திலேயே கிடந்தது.

அன்று காலை இருக்கன்குடி கோயிலில் தங்கச்சி மகளுக்கு முதல் மொட்டை. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஓடவைத்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். "எல்லாரும் போனை உள்ள வைங்க, பிலிம்ல எடுக்கிறதுதான் காலத்துக்கும் நிக்கும்" என்று பெரிய சவடால் வேறு. ஆக, அந்த மொட்டைக்கு இருந்த படமெல்லாம் அந்த ஒரே ரோலில்தான்.

சீசன் நேரம், அரை நாள்தான் லீவு. கோயிலிலிருந்து நேரே கம்பெனிக்கு ஓடினேன். போன், சாவி எல்லாவற்றையும் வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அவற்றை வைக்கும் தகரக் கொட்டகையோ மத்தியானத்தில் அடுப்பாகக் கொதிக்கும். பிலிம் கெட்டுவிடுமே என்று, கேமராப் பையை மட்டும் என் ஸ்டோர் அறைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். சோதனை போடும் அக்கா மசியவில்லை.

"இதுல பேட்டரி கெடக்கா தம்பி?"

"இது பழசுக்கா. பேட்டரியே வேண்டாம்."

"அப்பம் தொறந்து காட்டுங்க."

"தொறக்கக் கூடாதுக்கா! வெளிச்சம் பட்டா அம்புட்டும் போச்சு!"

பட்டாசுக் கம்பெனி வாசலில் பேசுகிற பேச்சா அது? அக்கா முகம் மாறிவிட்டது. "வெளிச்சம் பட்டா வெடிக்குமா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பிலிமைப் பற்றி விளக்கி முடிப்பதற்குள் பையை வாங்கி, கேமராவை வெளியே எடுத்து, எதை இழுத்தாரோ, பின்மூடியைத் திறந்து வெயிலில் ஏந்திப் பார்த்தே விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "நாசமாப் போச்சு! பிள்ளைக்கு இன்னொரு தடவ முதல் மொட்டை போட முடியுமா?" என்று கத்திக்கொண்டே பையை வெடுக்கென்று பிடுங்கினேன்.

பைக்குள் பளிச்சென்று வெட்டியது.

பிளாஷ். மொட்டை மண்டபத்து இருட்டுக்காக மாட்டியிருந்தேன். கழற்றிப் பையில் போட்டவன் அதை அணைக்கவில்லை, பேட்டரியையும் எடுக்கவில்லை. கூடவே கிடந்த திருப்புளி அதன் அடியில் உள்ள உலோக முனைகளில் உரசியதும் அடித்துவிட்டது. கேமராவில் பேட்டரி இல்லை என்று அடித்துப் பேசிய எனக்கு, பிளாஷ் இருப்பதே நினைவில் இல்லை. என் ஸ்டோருக்கு அடுத்த அறையில்தான் பெண்கள் வெடிமருந்துத் தூசிக்கு நடுவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அக்காவும் திட்டவில்லை. "பையக் குடுங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். கொடுத்தேன்.

ரோலைக் கழுவியபோது, உள்சுற்றில் இருந்த முதல் இரண்டொரு படங்கள் மட்டும் தப்பியிருந்தன. அவற்றில் பிள்ளை தலை நிறைய முடியோடு சிரிக்கிறாள். தங்கச்சி அதில் ஒன்றைத்தான் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "இதான் எங்க அண்ணன் எடுத்த மொட்டை போட்டோ" என்று என் மானத்தை வாங்குகிறாள்.

அந்த அக்கா இன்றைக்கும் என் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து குடைகிறார். எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் ஒருநாள் கூட்டத்தில், "நீங்க போங்க தம்பி" என்று சும்மா விட்டபோது, எனக்குக் கால் உள்ளே போகவில்லை. பையை நானே திறந்து அவர் முன்னால் நீட்டினேன்.