இரண்டில் ஒன்று

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம் அம்மாவின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அப்பா நடுங்கிப் போனார். கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். சேதி கேட்டுத் திண்டிவனத்திலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு வழி சொன்னார்.

"எதுக்குடா கொழப்பிக்கினு கெடக்கற? அம்மன்கிட்ட பூ கேட்டுடலாம். வெள்ளை வந்தா ஆபரேஷன். செவப்பு வந்தா நாட்டு வைத்தியம்."

கெடாருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கிணறு வெட்டுவதற்கும் பெண் கொடுப்பதற்கும்கூடப் பூ கேட்பார்கள். இரண்டு பொட்டலங்களைச் சாமி முன் போட்டு, வீட்டிலேயே சின்னவரை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் சின்னவள் நான்.

அந்த வாரம்தான் பள்ளியில் நிகழ்தகவு நடத்தியிருந்தார்கள். வரக்கூடிய விளைவுகள் எல்லாம் சேர்ந்தது கூறுவெளி. எங்கள் கூறுவெளியில் வெள்ளை, சிவப்பு என்று இரண்டே விளைவுகள். வெள்ளை வர வாய்ப்பு இரண்டில் ஒன்று. பாடம் வீட்டுக்கே வந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பொட்டலம் மடிக்க உட்கார்ந்தேன். அப்பா வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா என்னருகே வந்து குனிந்தாள்.

"பாப்பா, ரெண்டுலயும் வெள்ளையே வெச்சிடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்பறம் எதுக்கும்மா கேக்கறது? வெள்ளை வர்றது நிச்சயம்னு ஆயிடும். அம்மனையே ஏமாத்தறதா?"

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி, உனக்குத் தெரிஞ்ச மாதிரி செய்" என்று எழுந்து போனாள்.

நோட்டுத் தாள் ஒன்றைச் சரிபாதியாகக் கிழித்தேன். ஒன்றில் நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. தொட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாதபடி அத்தனை நேர்மையாக மடித்தேன்.

கோயிலில் பூசாரி குலுக்கிப் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். பிரித்தால் அரளி. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அம்மா குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு, "வெயில் ஏறுது, போலாம்" என்றாள்.

எட்டு மாதம் பச்சிலை அரைத்துப் போட்டாள். நடுவில் வந்த தேர்வில் நிகழ்தகவுக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கி, விடைத்தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். படுத்திருந்தவள் சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்து வாங்கிப் பார்த்தாள். கடைசியில் அப்பாவே அழுதுகொண்டு அவளை அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். ஐப்பசி மழையில் அவளை எடுத்துப் போனோம்.

வந்தவர்கள் அம்மன் உத்தரவு என்றார்கள். இரண்டில் ஒன்று எங்கள் பக்கம் விழவில்லை, அவ்வளவுதான் என்று நானும் பல வருடம் சொல்லிக்கொண்டேன்.

அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவள் அவள். ஆபரேஷன் வேண்டும் என்று அவள் கேட்டது என் ஒருத்தியிடம்தான். அம்மாவுக்கும் சாகப் பயமாக இருக்கும் என்பது ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தெரியவில்லை.