விரலை விரித்து மூடினால் லைட்டு

எங்கள் பக்கத்து ரோட்டில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு வாய் தேவையில்லை. எதிரே வருபவர் காலை நீட்டி ஆட்டினால், உன் ஸ்டாண்டு இறங்கியிருக்கிறது, பார். உள்ளங்கையால் காற்றை அமுக்கினால் முன்னால் போலீஸ் நிற்கிறது. தெரிந்தவர் என்றால் தலையைச் சற்றே மேலே தூக்குவார்; வணக்கமும் நலம் விசாரிப்பும் அதிலேயே முடிந்தது. ஐந்து விரலையும் விரித்து விரித்து மூடினால், பட்டப்பகலில் லைட்டு எரிகிறது, அணை.

இந்தக் கடைசி ஒன்றுதான் என் உயிரை வாங்கியது. என்னுடையது புது வண்டி. கிளப்பினால் லைட்டு தானாக எரியும். அணைக்க ஸ்விட்சே கிடையாது. இப்போது வருகிற வண்டி எல்லாமே அப்படித்தான். ஆனாலும் பழைய வண்டிக்காரர்கள் விடுவதாயில்லை. சின்னாளபட்டியிலிருந்து திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் நாலு பேராவது விரலை விரிப்பார்கள். நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுமை கிடையாது. ‘தெரியும், போ’ என்று கையை வீசிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.

போன சித்திரையில் கன்னிவாடிக்கு ஒரு காதுகுத்துக்குப் போனோம். மனைவி பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்காகச் சுங்குடிச் சேலை முந்தானையைத் தலையில் போட்டு, பறக்காமலிருக்கக் கழுத்தையும் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தாள். மிச்சத் துணி முதுகுக்குப் பின்னால் தொங்கியது. நான் அதைக் கவனிக்கவில்லை.

எதிரே ஒருவர் தக்காளிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். சரியாகக்கூடப் பார்க்காமல் நானும் பதிலுக்குக் கையை வீசினேன். ஏற்கெனவே நேரமாகிவிட்டிருந்தது.

ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். பின்னால் விடாமல் ஹாரன் சத்தம். அதே ஆள்! பெட்டியோடு திரும்பி வந்து, எங்களைத் தாண்டிக் குறுக்கே நிறுத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“லைட்ட அணைக்க முடியாதுண்ணே, புது வண்டி!” என்று கத்தினேன்.

“லைட்டு கெடக்கட்டும். தங்கச்சி சேலையப் பாருங்க முதல்ல. அம்புட்டுக் கையாட்டுறேன், நீங்க பாட்டுக்குப் போறீங்களே!”

இறங்கிப் பார்த்தேன். முந்தானை நுனி செயின் கிரீஸில் கறுத்து, ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்கியது. சக்கரம் ஏற்கெனவே ஒருமுறை கவ்வி விட்டிருக்கிறது. சரியாகப் பிடித்திருந்தால் சேலையோடு போயிருக்காது. அவள் கழுத்திலிருந்த சுற்றை அவிழ்க்கப் போனேன். அதற்குள் அவளே அவிழ்த்துவிட்டாள்.

“செத்த நேரம் நிழல்ல நின்னுட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டு அவர் வந்த வழியே திரும்பினார். கும்பிட்டேன்.

புளியமரத்தடியில் நின்றோம். பயம் கொஞ்சம் தெளிந்ததும் எனக்குப் பழைய குணம் வந்துவிட்டது.

“அவரு கைகாட்டுனத நீ பாக்கலையா?”

“பாத்தேன். கீழ கீழ காட்டுனாரு. சக்கரத்தச் சொல்றாரோன்னுகூடத் தோணுச்சு.”

“அப்பச் சொல்லக்கூடாதா?”

அவள் கிழிந்த நுனியை மடித்துக்கொண்டே சொன்னாள்: “சொன்னா, ‘எனக்குத் தெரியாதா, பேசாம வா’ம்பீங்க.”

அதைத்தான் சொல்லியிருப்பேன்.