பாட்டுக்கு முன்னால் என் குரல்

என் அம்மாவின் தம்பிக்கு ராயபுரத்தில் ஒரு பாட்டுக் கடை இருந்தது. கண்ணாடி அலமாரியில் கம்பெனி கேசட்டுகளும் சிடிகளும் ஒழுங்காக அடுக்கியிருக்கும். அவற்றை யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. மாமா பிழைத்ததெல்லாம் எங்கள் வீட்டு மாடியில் இருந்த கம்ப்யூட்டரால்தான். ஊரில் உள்ள பாட்டையெல்லாம் அதில் இறக்கி, ஒரே சிடியில் பத்துப் பதினைந்து படத்துப் பாட்டை அடைத்துக் கொடுப்பார். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரர்கள்தான் முக்கிய வாடிக்கை. கரையை விட்டு ரொம்ப தூரம் போனால் ரேடியோ எடுக்காது. வலை போட்டுவிட்டுக் காத்துக் கிடக்கிற நேரத்துக்குப் பாட்டு வேண்டும். எந்தப் படகுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பது மாமாவுக்கு அத்துப்படி.

இதில் அவருக்கு ஒரு பெரிய மனக்குறை. அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சிடியை வண்ணாரப்பேட்டையில் எவனோ அப்படியே நகலெடுத்து விற்றான். "திருட்டுப் பசங்க மச்சான்! நான் கண்ணு முழிச்சு சேத்த பாட்டை நோகாம காப்பி அடிச்சுக்கினு கீறானுங்கோ" என்று அப்பாவிடம் வயிறெரிந்து சொல்வார். "இன்னா அநியாயம் பாரு" என்று அப்பாவும் தலையாட்டுவார். வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வந்ததில்லை.

அந்தத் திருட்டைத் தடுக்க மாமா கண்டுபிடித்த வழி நான்தான். சிடியில் கடைப் பெயரைப் போட்டால் போலீஸுக்கு நாமே விலாசம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் என்னை மைக் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொன்னார். "கடலுக்குப் போற அண்ணனுங்களா, பத்திரமா போய்ட்டு வாங்க! இது எங்க மாமா போட்ட பாட்டு!" ஒவ்வொரு சிடியும் இப்படித்தான் தொடங்கும். நகலெடுத்தவன் சோம்பேறி, என்னையும் சேர்த்தே நகலெடுத்தான். என் குரல் எண்ணூர் வரைக்கும் போனது. அம்மாவோடு மீன் வாங்கப் போனால், "பாட்டுப் பாப்பா வந்துகீது" என்று கூடையில் ஒரு சங்கராவைச் சேர்த்துப் போடுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. போலீஸ்காரர்களோடு, பாட்டுக் கம்பெனி அனுப்பிய வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரும் இறங்கினார். திருட்டு சிடி போடுகிறவர்களைக் குண்டர் சட்டத்தில் உள்ளே தள்ளுகிறார்கள் என்று அப்போது தெருவே பேசிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு டீ கொண்டுவந்த அம்மாவும் நானும் அங்கேயே மாட்டிக்கொண்டோம். அலமாரியைக் காலி செய்து தேடினார்கள். எல்லாம் அசல் கம்பெனிச் சரக்கு. மாமா சிரித்த முகத்தோடு நின்றார்.

வெள்ளைச் சட்டைக்காரர் தன் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துக் கடை பிளேயரில் போட்டார். ஸ்பீக்கரில் நான் பேசினேன்.

அம்மாவின் கையிலிருந்த டீத் தூக்கு கீழே விழுந்தது. "இது யார் குரல்?" என்று வெள்ளைச் சட்டைக்காரர் மாமாவைக் கேட்டார்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாருதோ சார். எனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

பளாரென்று அறை வாங்கியது போல இருந்தது எனக்கு. ஜீப்பைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு அதிரவில்லை. மைக்கைப் பிடித்து, திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, கைதட்டிய அதே மாமா!

வெள்ளைச் சட்டைக்காரர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "பாப்பா, உன் பேர் என்ன? சத்தமா சொல்லு பார்ப்போம்." நான் வாயைத் திறந்தேன்.

"கொயந்தைய வுட்டுடு சார்" என்று மாமா கத்தினார். "என்னாண்ட கேளு. எல்லாம் நான் போட்டதுதான். வூட்டு மாடில கம்ப்யூட்டர் கீது, வா காட்டறேன்."

மாடியிலிருந்து கம்ப்யூட்டரை இறக்கி ஜீப்பில் ஏற்றினார்கள், பிறகு மாமாவை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். "மாமன் மேல இன்னா பாசம் பாரு" என்று பக்கத்துக் கடைக்காரர் அம்மாவிடம் சொன்னார். நான் அழுததோ, தெருவே பார்க்க, என் குரலைத் தெரியாது என்று மாமா சொல்லிவிட்டாரே என்றுதான்.

பல மாதம் கழித்து மாமா திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டபோது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஜெயிலுக்குப் போனவன் என்று நான் ஒதுங்குவதாக அவர் நினைத்துக்கொண்டார் போலும், அப்புறம் கூப்பிடவில்லை. அன்றைக்கு நான் வாய் திறந்ததும் அவர் ஏன் அப்படி அவசரப்பட்டார் என்று அந்த வயதில் எனக்கு யோசிக்கத் தோன்றவே இல்லை.